இலையில் வைத்த குங்குமம்

அரக்கோணத்தில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு ஒடிசாவிலிருந்து ஒரு பெண் அதிகாரி மாற்றலாகி வந்தாள். நேரில் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். என் வயதுதான் என்பதால் மனதுக்குள் 'வந்தாள்' என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். கைப்பேசியில் தினம் பத்து வாக்கியம் தமிழ் கற்பாள். மதியச் சாப்பாட்டில் அந்தப் பத்தையும் என்னிடம் ஒப்பிப்பாள். அந்த ஆர்வம் எனக்குத் தெரிந்த ஆர்வம். அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

கிறிஸ்துமஸ் வாரத்து வியாழக்கிழமை. அம்மா சுட்ட கல்கல், முறுக்கு, அதிரசம் எல்லாவற்றையும் ஒரு பெரிய எவர்சில்வர் சம்படத்தில் அடைத்துக்கொண்டு போயிருந்தேன். மேசை மேசையாக நீட்டிக்கொண்டு போய்க் கடைசியாக அவள் முன்னால் நின்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். வாக்கியத்தை மனதுக்குள் கூட்டிக்கொண்டாள். பிறகு ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னாள்.

"வேண்டாம். எனக்கு இது தேவை இல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தப்பில்லாமல் சொல்லிவிட்டேன் பார்த்தாயா என்கிற சிரிப்பு.

கேஷியர் அண்ணன்தான் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "மேடம் ஊர்ல முறுக்குக்குத் தடை போட்டாங்க போல. நீ இப்டி குடும்மா, நான் ஏழைபாழை." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. திறந்த சம்படத்தோடு நின்ற அந்த நிமிடத்தில்தான் அது பொறி தட்டியது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். வேறு யார் முகத்திலும் பார்த்ததல்ல. என் முகத்திலேயே ஒருமுறை சுமந்தது. திருத்தணியில், எங்கள் வீட்டு வாசற்படியில், ஒரு தாம்பாளத்துக்கு முன்னால்.

தேநீர் நேரத்தில் அவளே என்னிடம் வந்தாள். "நான் தப்பா பேசினேனா?" விஷயம் இவ்வளவுதான்: அவர்கள் ஊரில் இந்த மாதத்து வியாழக்கிழமைகள் லட்சுமிக்கு விரதம். அன்று பூஜை முடியும்வரை பச்சைத் தண்ணீரோடு சரி.

"அப்படின்னா, 'ஐயோ, இன்னிக்கு விரதம்ங்க, எடுத்து வைங்க, நாளைக்கு ஒரு கை பாக்கறேன்'னு சொல்லணும் மேடம்" என்றேன்.

நோட்டைத் திறந்து அதை ஒடியா எழுத்தில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து நிமிர்ந்து, "ஏன் இவ்வளவு? வேண்டாம் என்றால் வேண்டாம்தானே?" என்று கேட்டாள்.

அன்று மாலை திருத்தணி வண்டியில் இடம் கிடைத்தும் உட்கார முடியாமல் கதவோரம் நின்றபடியே வந்தேன்.

அந்தத் தாம்பாளம் என் தோழி வீட்டுத் தாம்பாளம். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அவள். எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெருவில், விசைத்தறி ஓடும் வீட்டுப் பெண். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். என்னோடு எப்போதும் தமிழ்தான். அவளுடைய அப்பாவை அவளைப்போலவே நானும் நைனா என்பேன். அம்மாவை அத்தை என்பேன். பள்ளி விட்டால் பையை எங்கள் வீட்டில் வீசிவிட்டு நேராக அவர்கள் வீடு. எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அங்கே எந்நேரமும் கூட்டம், சத்தம், சாப்பாடு.

சத்தம் என்றால் சாதாரணச் சத்தம் அல்ல. வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஆறு தறிகள். ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் அந்த வீட்டுக்காரர்கள் கொட்டகைக்குள் கையாலும் முகத்தாலும் பேசுவார்கள். நூல் அறுந்துவிட்டதென்றால் இரண்டு விரலைப் பிரித்துக் காட்டுவார்கள். நைனா புருவத்தைத் தூக்கினால் 'யார் வந்திருப்பது' என்று அர்த்தம். நான் கொட்டகை வாசலில் தலை காட்டியதும் அத்தை தறியைவிட்டுக் கண்ணை எடுக்காமலேயே ஐந்து விரலையும் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோவாள். சாப்பிட்டாயா? நான் உதட்டைப் பிதுக்குவேன். அவள் முகவாயால் அடுக்களையைக் காட்டுவாள். பத்து வருடம் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் இதுதான். தறி நின்ற நேரங்களில் அவளுடைய தமிழ் கொஞ்சம் திக்கும். எனக்குத் தெலுங்கு சுத்தமாக வராது. ஒரு குறையும் தெரியவில்லை.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே.

கல்லூரி முடித்த கையோடு அவளுக்கு நகரியில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் ஆனது. நகரி ஆந்திரா என்றாலும் இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. கல்யாணத்தில் அவள் பக்கத்தில் நின்று அவள் மாமியாரோடு, நாத்தனாரோடு சரளமாகப் பேசி அவளை வாய்பிளக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. அவளுக்குத் தெரியாமல் மூன்று மாதம் தெலுங்கு படித்தேன். இரண்டு புத்தகம், ஒரு செயலி, காதில் எந்நேரமும் தெலுங்குச் செய்தி. திருப்பதி பஸ்ஸைப் பார்த்தால் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பேன். பஸ்நிலையத்தில் பூ விற்கும் அக்கா, "இன்னாம்மா, வேண்டுதலா?" என்று கேட்டாள்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒரு ஞாயிறு மத்தியானம், அவர்கள் அழைக்க வந்தார்கள். அம்மா சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் மட்டும். கதவைத் திறந்தால் முன்னால் நிற்பது புத்தூரிலிருந்து வந்திருந்த பெரியம்மா, அவளுடைய அம்மாவின் அக்கா. கையில் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், பத்திரிகை. அத்தை பின்னால், கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா வாய் நிறையத் தெலுங்கில் கூப்பிட்டாள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது! அந்தச் சந்தோஷத்தில் நான் மிதந்துகொண்டிருக்கும்போதே அவள் மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு என் நெற்றிக்குக் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் பொட்டு வைப்பதில்லை. தாத்தாவின் தாத்தா காலத்துக் கிறிஸ்தவர்கள் நாங்கள். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டேன். ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னேன்.

"மேமு பொட்டு பெட்டுக்கோமண்டி. மாக்கு வத்து."

நாங்கள் பொட்டு வைத்துக்கொள்வதில்லைங்க. எங்களுக்கு வேண்டாம். இதுதான் நான் சொன்னது. மரியாதைக்குரிய 'அண்டி' கூடப் போட்டிருந்தேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

பெரியம்மாவின் விரல் காற்றிலேயே நின்றது. படியேறி வந்துகொண்டிருந்த அத்தை மூன்றாவது படியில் நின்றாள். அவள் கை பாதி நீண்டிருந்தது. தாம்பாளத்தை வாங்கத்தான் நீண்டது என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. "சரே" என்றாள் பெரியம்மா. குங்குமம் ஒட்டிய விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அத்தை பத்திரிகையை மட்டும் எடுத்து டிவி மேசைமேல் வைத்துவிட்டு, "சரிம்மா, அம்மாகிட்ட சொல்லிடு" என்றாள். உட்காரவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. தாம்பாளம் வந்தபடியே திரும்பிப் போனது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உடனே அவளுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "அடியே, உங்க பெரியம்மாகிட்டயே தெலுங்குல பேசிட்டேன்டி! அவங்க அப்படியே ஷாக்!" சாயங்காலமாக ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. கல்யாண வேலையில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் நகரியில். அம்மாவும் நானும் காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். மண்டப வாசலில் அத்தை நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க, வாங்க. சாப்பிட்டுத்தான் போணும்" என்றாள். அம்மாவிடம் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் கண் என்மேல் இருந்தது. பத்து வருடமாக 'இன்னாடி, இவ்ளோ நேரமா?' என்று கேட்டவள் என்னை வாங்க என்றாள்.

புறப்படும்போது பெண்களுக்கெல்லாம் மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, தேங்காய்ப் பை கொடுத்துக்கொண்டு வந்தார்கள். எங்களிடம் வந்ததும் அத்தை குங்குமச்சிமிழை வைத்திருந்த பெண்ணைக் கையால் தடுத்தாள். "அவங்களுக்கு வேணாம். அவங்க வெச்சிக்க மாட்டாங்க." தேங்காய்ப் பை மட்டும் வந்தது. குரலில் கோபமே இல்லை. ரொம்பப் பக்குவமாக, நம் மனது நோகக் கூடாதே என்பதுபோலச் சொன்னாள். என் தெலுங்கை நான் ஒருவரிடமும் பேசவில்லை. மணவறையில் அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். போட்டோவுக்கு நின்றோம். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மூன்று வருடங்கள். பொங்கலுக்கு ஒரு பானை படம், கிறிஸ்துமஸுக்கு ஒரு நட்சத்திரப் படம். ஆடிக் கிருத்திகைக்கு ஊர் முழுக்கக் காவடியும் மொட்டைத் தலையுமாக இருக்கும்போது அவளும் பிறந்த வீட்டுக்கு வருவாள். மூன்று தெரு தள்ளி அவள் இருக்கிறாள் என்று தெரியும். மாடியில் நின்றால் அவர்கள் தறிச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். கல்யாணம் ஆனால் எல்லாரும் மாறிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நகரிக்காரர்களுக்கு நாம் ஆகவில்லை போல என்றும் சொல்லிக்கொண்டேன். சொன்னதில் எதுவும் ஒட்டவில்லை. புதிதாக எது வாங்கினாலும், யாரைப் பற்றி எரிச்சல் வந்தாலும் அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். கைப்பேசியை எடுத்துப் பார்த்தால் கடைசியாகப் பானை இருக்கும்.

சம்படத்தோடு வண்டியில் நின்று வந்த அந்த மாலை, வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, அத்தை வீட்ல இருந்து குங்குமத் தட்டோட வந்து அழைச்சா நீ இன்னா பண்ணுவ?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இன்னா பண்றது? ரெண்டு கையாலயும் வெத்தலைய எடுத்து நீட்டுவேன். அவ குங்குமத்த அந்த எலை மேல வெப்பா. பழத்தோட வாங்கிக்குவேன். அப்புறமா எலைய செம்பருத்திச் செடிக்கடியில போட்டுடுவேன்."

"பொட்டு வெக்க மாட்டோம்னு சொல்ல மாட்டியா?"

"அத போய் வாயால சொல்லுவாங்களா? அவளுக்குத் தெரியாதா? மொதல் தபா வந்தப்போ ரெண்டு பேரும் முழிச்சிகினு நின்னோம். அவளேதான் எலைய காட்னா. அதுலேந்து அப்டித்தான்."

"நீ என்கிட்ட சொல்லவே இல்லயே."

"இதெல்லாம் பாடமாடி எடுப்பாங்க? ஆமா, அன்னிக்கி நீ இன்னா சொன்ன?"

நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அம்மாவுக்கும் அரைகுறைத் தெலுங்கு தெரியும். மடித்த துணி மடியிலேயே கிடக்க, கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி. கல்யாணத் தட்டப் பாத்து வத்துன்னா சொன்ன? வாசப்படில நின்னுகினு? பொண்ணு வீட்டுத் தட்டு, வந்தது வந்தபடியே திரும்பிப் போயிருக்கு. நானு, பெரிய எடத்துல சம்பந்தம் பண்ட்டாங்க, அதான் வரதில்லன்னு நெனச்சிகினு இருக்கேன்."

தமிழில் என்றால் நான் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன். 'ஐயோ பெரியம்மா, உள்ள வாங்க, மொதல்ல உக்காருங்க, அம்மா வந்துடுவாங்க' என்று பத்து வார்த்தை இழுத்திருப்பேன். அந்த இழுவைக்குள் அத்தை மேலே ஏறி வந்திருப்பாள், தாம்பாளத்தை வாங்கியிருப்பாள், குங்குமம் இலைக்குப் போயிருக்கும். என் தெலுங்கில் இழுவைக்கு இடமில்லை. புத்தகத்தில் அது இல்லை. ஒடிசாப் பெண் ஏன் இவ்வளவு என்று கேட்டாளே, அந்தப் பத்து வார்த்தையும் எதிராளி படியேறி வருவதற்கான நேரம் என்று அவளிடம் சொல்ல வேண்டும்.

அதைவிட எனக்கு வலித்தது வேறு. அவர்கள் கோபித்துக்கொள்ளவே இல்லை. கோபம் என்றால் இந்த மூன்று வருடத்தில் ஒருநாளாவது கடைத்தெருவில் பிடித்துத் திட்டியிருப்பாள் அத்தை. எங்களுக்கு வேண்டாம் என்று நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள். படித்துவிட்டாள், வங்கி வேலைக்குப் போகப்போகிறாள், இனி இந்தப் பழக்கமெல்லாம் வேண்டாம் என்கிறாள், சரி. நான் கேட்ட தூரத்தை அளந்து மரியாதையாகக் கொடுத்திருக்கிறார்கள். மண்டபத்தில் குங்குமச்சிமிழைத் தடுத்த அந்தக் கையை நான் அவமானம் என்று எடுத்துக்கொண்டேன். அது என் சொல்லுக்கு அவள் கொடுத்த மதிப்பு.

மறுநாளே சரிசெய்துவிடலாம் என்று குதித்தேன். தோழிக்குக் குரல் செய்தி பேசினேன். 'க்ஷமிஞ்சண்டி' என்று ஆரம்பித்தேன். கேட்டுப்பார்த்தால் ரயில் தாமதத்துக்கு அறிவிப்பு கொடுப்பவள் பேசுவதுபோல இருந்தது. அழித்தேன். தமிழில் 'மன்னிச்சிடுடி' என்றேன். அதுவும் வேற்றாள் பேச்சு. எங்களுக்குள் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதே இல்லை. சண்டை போட்டால் அடுத்த நாள் போய் ஏதாவது கேட்பதுதான் வழக்கம். பேனா கொடுடி, ஊறுகாய் இருக்கா, அந்தப் பச்சை தாவணியைக் கொடு. கேட்டால் கோபம் போயிற்று என்று அர்த்தம். கொடுத்தால் அங்கேயும் போயிற்று. மூன்று வருடமாக நான் அந்த வீட்டில் எதையுமே கேட்கவில்லை. ஒன்பது செய்தி பேசி ஒன்பதையும் அழித்தேன். எதையும் அனுப்பவில்லை.

தை பிறந்தது. போன வாரம் பூக்கார அக்கா எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள். "தறிக்காரம்மா வீட்ல ஞாயித்துக்கெழம விசேஷம்மா. பொண்ணுக்கு ஏழாம் மாசம், சீமந்தம். பிரசவத்துக்கு இங்கதான் கூட்டியாராங்களாம். மல்லி மட்டும் அஞ்சு மொழம் பத்து பேருக்குக் கேட்டாங்க. உங்கள அழைச்சிட்டாங்கல்ல?"

"ஆங், ஆங்" என்றாள் அம்மா. அழைக்கவில்லை. அக்கா போன பிறகு கதவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "அழைக்காத வீட்டுக்கு எப்டிடி போறது?"

இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அழைக்காமல் யார் போவார்கள்? விருந்தாளி போக முடியாது. வீட்டு மனுஷிக்கு அழைப்பு எதற்கு? அவளை யாரும் தட்டு வைத்துக் கூப்பிட மாட்டார்கள். முந்தின நாளே போய்த் தேங்காய் துருவுவாள். வளையல் கோப்பாள். வேலை கொடுக்கவில்லை என்று முறைப்பாள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை போகப் போவதில்லை. சனிக்கிழமை காலை போகிறேன், நாலாவது சனி, வங்கி விடுமுறை. ஞாயிறு தறி ஓடாது. கொட்டகை முழுக்க உறவுக்காரர்கள் இருப்பார்கள். எல்லோரும் பேசுவார்கள், நானும் பேச வேண்டியிருக்கும். பேசினால் என் வாய் திரும்பவும் எதையாவது சரியாகச் சொல்லித் தொலைக்கும். சனிக்கிழமை ஆறு தறியும் ஓடும்.

நேற்று வேலை முடிந்து வரும்போது மலையடிவாரக் கடையில் கண்ணாடி வளையல் வாங்கினேன். பள்ளி நாளில் நாங்கள் இருவரும் நின்று பேரம் பேசிய கடைதான். அவளுக்கு ரெண்டு நாலு. அளவு எனக்கு மனப்பாடம். கடைக்காரர்தான், "ஏழாம் மாசம்ன்ற, கை வீங்கியிருக்கும்மா, ரெண்டு ஆறு எடு" என்றார். அவள் கை இப்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு அளவிலும் ஒவ்வொரு டஜன் எடுத்தேன். பச்சை.

அம்மா ஒரு கவுளி வெற்றிலையைக் கழுவி ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். "மொதல்ல எலைய நீட்டு, வாயத் தொறக்காத" என்று காலையிலிருந்து நான்கு முறை சொல்லிவிட்டாள்.

நாளை கொட்டகை வாசலில் போய் நிற்பேன். அத்தை தறிப்பக்கம் இருப்பாள். நைனா புருவத்தைத் தூக்குவார். அவள் நிமிர்ந்து பார்த்ததும் ஒரு கையில் வெற்றிலை இருக்கட்டும், இன்னொரு கையின் ஐந்து விரலையும் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோவேன். அவள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்பேன். சாப்பிட என்ன இருக்கிறது?

அதனால் நாளை காலை வீட்டில் நான் எதுவும் சாப்பிடப் போவதில்லை.